‘தரம்’ எண்டு ஆர் சொன்னது?



எங்கட வீட்டில சோயா எண்டால் சோயா மீற்தான். அம்மா சுடுதண்ணியில ஊறப்போட்டு, பிழிஞ்சு, இறைச்சிக் கறிக்குப் போடுற அதே தூளைப் போட்டுச் சமைப்பா. வெள்ளிக்கிழமை மரக்கறி நாளில அதுதான் எங்களுக்கு ஆறுதல். அந்தப் பைக்கற்றுக்குள்ள இருக்கிறது எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சின சோயா எண்டு எனக்குத் தெரிஞ்சது யூனிவர்சிட்டிக்கு வந்த பிறகுதான். அதே மிச்சத்தின்ர மிகப் பெரிய பங்கு உலகத்தின்ர கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் போகுது. அதுக்குப் பெயர் சோயாப் புண்ணாக்கு.

போன மாரிகாலம் எங்கட பீடத்தில ஒரு கூட்டம். கால்நடைத் தீவனத்துக்கான சோயாவின் தரத்தைத் தொழில்துறைக் கூட்டு முயற்சியால் உயர்த்துவது பற்றி. திரையில ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்கள். வட்டத்தில விதை நிறுவனம், கமக்காரர் சங்கம், அரைக்கும் ஆலை, தீவன நிறுவனம், கோழி நிறுவனம், பல்கலைக்கழகம். எல்லாத்தையும் அம்புக்குறி இணைக்குது. எல்லாரும் எல்லாருக்கும் உதவி. நான் கை உயர்த்தி, “இதால வாற புது விதை ஆருக்குச் சொந்தம்?” எண்டு கேட்டன். பேசினவர் சிரிச்சுக்கொண்டு, நல்ல கேள்வி, ஆனால் அது இந்தத் திட்டத்துக்கு வெளியில எண்டார்.

அந்த ‘வெளியில’ என்ன இருக்கு எண்டு சொல்லத்தான் இதை எழுதுறன்.

முதலில் புண்ணாக்கு

சோயா எண்டதும் எங்கட ஆக்கள் தோஃபுவை நினைப்பார்கள். ஒரு புஷல் சோயாவை, அதாவது 60 இறாத்தலை, அரைத்தால் ஏறத்தாழ 44 இறாத்தல் புண்ணாக்கும் 11 இறாத்தல் எண்ணெயும் வரும். உலகத்தில் விளையும் சோயாவில் முக்கால் பங்குக்கு மேல் கால்நடைத் தீவனமாகிறது. தோஃபு, சோயாப்பால் என்று மனிதர் நேரடியாக உண்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே சோயா அரசியல் என்பது பெரும்பாலும் இறைச்சி அரசியல், முட்டை அரசியல்.

தீவனக்காரர் ‘தரம்’ என்று எதைச் சொல்கிறார்கள்? சோளத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. சோயாவில் அது தாராளம். அதனால்தான் கோழித் தீவனத்தில் சோளமும் சோயாவும் சோடி. ஆனால் சோயாவில் மெத்தியோனின் குறைவு, அதைத் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். பச்சைச் சோயாவில் திரிப்சின் தடுப்பான் இருக்கிறது. அது செரிமானத்தைக் கெடுக்கும் என்பதால் ஆலையில் சூடாக்குகிறார்கள். சூடு கூடினால் லைசின் கெட்டுப்போகும். ரஃபினோஸ் போன்ற சில சர்க்கரைகள் கோழிக்குச் செரிக்காது. இவற்றையெல்லாம் விதையிலேயே திருத்திவிட்டால் அதே கோழியைக் குறைந்த தீவனத்தில் வளர்க்கலாம், எருவில் போகும் நைதரசனும் குறையும்.

இது நல்ல விஞ்ஞானம். இதோட எனக்குச் சண்டை இல்லை. ‘சோயா எண்டாலே விஷம்’ எண்டு வட்ஸ்அப்பில அனுப்புற மாமாமாரின்ர பக்கமும் நான் இல்லை. எனக்குப் பிரச்சினை அந்த வட்டத்தோடதான். தேவையைச் சொல்வது ஒருவர், செலவைக் கட்டுவது இன்னொருவர், பலனை எடுப்பது மூன்றாமவர். இதைக் ‘கூட்டு முயற்சி’ எண்டு சொன்ன உடனே மூண்டு பேரும் ஒரே ஆள் மாதிரித் தெரியத் தொடங்கீடும்.

நிறைக்குக் காசு, தரத்துக்குப் பாராட்டு

சோயாவில் புரதம் கூடினால் விளைச்சல் குறையும். எப்போதும் அப்படித்தான் என்றில்லை, ஆனால் இந்த எதிர்த் தொடர்பை இனவிருத்தியாளர் எல்லாருக்கும் தெரியும். இப்ப ஒரு கமக்காரரை நினைச்சுப் பாருங்கோ. லொறியில் சோயாவை ஏற்றிக்கொண்டு கொள்வனவு நிலையத்துக்குப் போகிறார். ஈரம் கூடினால் விலை வெட்டு. குப்பை கூடினால் வெட்டு. பழுதான விதை கூடினால் வெட்டு. புரதம்? அமெரிக்காவின் அதிகாரபூர்வமான சோயாத் தர வகுப்பைத் தீர்மானிக்கும் அளவுகளில் புரதம் இல்லை. கேட்டால் அளந்து சொல்வார்கள், அவ்வளவுதான். அகச்சிவப்பு ஒளிக் கருவியில் ஒரு கை விதையைப் போட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் புரத அளவு தெரியும். கருவி இருக்கு. அதுக்கேற்ற விலைதான் இல்லை.

புரதத்துக்காக ஏக்கருக்கு இரண்டு புஷலை இழக்கிறவர் அந்த இரண்டு புஷல் காசையும் இழக்கிறார். பிறகு கருத்தரங்கில் வந்து, கமக்காரருக்குத் தரம் பற்றிய விழிப்புணர்வு போதாது என்கிறார்கள். கமக்காரர் கணக்குத் தெரிஞ்சவர். அவருக்கு விழிப்பு நல்லா இருக்கு.

நம்பாதவர்கள் ஒன்ராறியோவையே பாருங்கோ. இங்கே யப்பானுக்குத் தோஃபுவும் மிசோவும் செய்ய அனுப்பும் மரபணு மாற்றாத சோயா விளைகிறது. வயலைப் பரிசோதிக்க வேண்டும், இயந்திரத்தைக் கழுவ வேண்டும், தனிக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும். அவ்வளவு கரைச்சலுக்கும் கமக்காரர் ஓம் எண்டு நிற்கிறார், ஏன் எண்டால் வாங்குபவர் சாதாரண விலைக்கு மேல் கூடுதல் விலை தருகிறார். தரம் வேண்டும் என்பவர் தரத்துக்குக் காசு கொடுத்தால் தரம் வரும். இதுக்கு ஆலோசகர் தேவையில்லை.

தீவனச் சோயாவுக்கு ஏன் அப்படி இல்லை? ஒன்ராறியோவில் சோயா அரைக்கும் பெரிய ஆலைகள் இரண்டு. வின்ஸரில் ஏ.டி.எம்., ஹமில்ற்றனில் பங்கே. உலக அளவிலும் ஏ.டி.எம்., பங்கே, கார்கில், லூயி டிரைஃபஸ் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள்தான் இந்த வியாபாரத்தின் பெரும் பகுதியை வைத்திருக்கின்றன. 2025 இல் பங்கே, வித்தெரா நிறுவனத்தையும் விழுங்கி முடித்தது. விற்பவர் ஆயிரக்கணக்கில், வாங்குபவர் விரல்விட்டு எண்ணும் அளவில். இந்தச் சந்தையில் பேரம் பேசுறது ஆர், தலையாட்டுறது ஆர் எண்டு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆற்ற காசு?

இந்தக் கூட்டு முயற்சியின் மிகப் பழைய, மிகப் பெரிய மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. 1990 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, சோயா விற்கும் ஒவ்வொரு கமக்காரரும் விற்பனை விலையில் 0.5 சதவீதத்தைக் கட்டாயம் கட்ட வேண்டும். 100 டொலருக்கு விற்றால் 50 சதம். விரும்பினால் கட்டலாம் என்ற கதை இல்லை. அந்தக் காசில் ஐக்கிய சோயா சபை ஆராய்ச்சியும் சந்தைப்படுத்தலும் செய்கிறது. 2000களின் தொடக்கத்திலேயே ‘மேலான அவரை’ என்ற பெயரில் ஒரு திட்டம் வந்தது. எண்ணெயையும் புண்ணாக்கையும் பாவிப்பவருக்கு ஏற்றபடி விதையின் உள்ளடக்கத்தைத் திருத்துவதுதான் நோக்கம்.

இதுக்கு வழக்கமாக வரும் பதில்: “அந்தச் சபையில் இருப்பதே கமக்காரர்தானே. 1994 இல் வாக்கெடுப்பு வைத்து அவர்களே சம்மதித்தார்களே.” உண்மை. அதை மறைக்க மாட்டன். ஆனால் ஒரு முறை சம்மதிச்சது முப்பது வருசத்துக்கும் சம்மதமா? சபையில் ஆர் இருக்கிறார்கள் என்பதோட நிண்டால் காணாது, காசு எங்கே போய்ச் சேருது எண்டும் பாக்க வேணும். கூடுதல் விலை கொடுக்க மறுக்கும் வாங்குபவருக்காக, விற்பவர் தன் காசிலேயே தன் பொருளைத் திருத்திக் கொடுக்கிறார். ஒரு தையல்காரர், முதலாளியின் சட்டை அழகாக வரவேண்டும் என்று தன் சம்பளத்தில் நூல் வாங்குவது போல.

மாட்டிறைச்சிக்கும் இதே மாதிரி ஒரு கட்டாயக் கட்டணம் உண்டு. எங்களுக்கு உடன்பாடில்லாத விளம்பரத்துக்கு எங்கட காசா என்று கமக்காரர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2005 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அது அரசாங்கத்தின் சொந்தப் பேச்சு, ஆகவே பேச்சுரிமையைக் காட்டி அதை எதிர்க்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. காசு கட்டும்போது அது தொழில்துறையின் சுயஉதவி. எதிர்த்து வழக்குப் போட்டால் அது அரசாங்கம். ரெண்டு பக்கமும் வெட்டுற கத்தி இது.

விதை ஆருக்குச் சொந்தம்?

நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் தேடினன்.

சோயா வட அமெரிக்காவின் பயிர் இல்லை. 1929 முதல் 1931 வரை டோர்செட், மோர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க விவசாயத் திணைக்களத்தார் சீனா, கொரியா, யப்பான் எங்கும் அலைந்து ஏறத்தாழ 4,500 சோயா மாதிரிகளைக் கொண்டுவந்தார்கள். இன்று இலினோய் மாநிலத்தின் அர்பானாவில் இருக்கும் அரசாங்கச் சேமிப்பில் 20,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. இன்றைக்கும் இனவிருத்தியாளர் தேடிப் போகும் மூலப்பொருளில் அதுவும் ஒன்று. ஆசியாவின் கமக்காரர்கள், பெரும்பாலும் பெயர் தெரியாத பெண்கள், தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வைத்த விதைகள் அவை. அதுக்கு ஒருத்தரும் காப்புரிமைக் கட்டணம் கட்டினதில்லை.

இனி மற்றப் பக்கம். இந்தியானா மாநிலத்தில் வேர்னன் போமன் என்று ஒரு வயதான கமக்காரர். பருவத்தின் இரண்டாவது விதைப்பு ஆபத்தானது, அதுக்கு விலை கூடிய விதை வாங்க மனமில்லை. கொள்வனவு நிலையத்தில் சாதாரணத் தானியமாகக் கிடந்த சோயாவை வாங்கி விதைத்தார். அதில் பெரும்பகுதி மொன்சான்ரோவின் களைநாசினி தாங்கும் சோயா. 2013 இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மொன்சான்ரோ பக்கம் நின்றது. அவர் கட்ட வேண்டிய தொகை 84,456 டொலர். ஆசியாவின் விதை எல்லாருக்கும் பொதுச் சொத்து, அதில் ஒரு மரபணுவைச் சேர்த்தால் அதன் பேரப்பிள்ளைகளும் நிறுவனத்தின் சொத்து. பிறகு 2018 இல் மொன்சான்ரோவை பேயர் வாங்கியது. டவும் டூபொன்ரும் இணைந்து பிரிந்து கோர்ற்றேவா வந்தது. சிஞ்சென்ராவைச் சீன அரச நிறுவனம் எடுத்தது.

இந்த நிலைமையில் ‘தரமான சோயா’ எண்டு ஒரு புது விதை வந்தால், அதைச் சேமித்து அடுத்த வருசம் விதைக்கக் கமக்காரருக்கு உரிமை இருக்குமா? அவர் கட்டின 0.5 சதவீதத்தில் ஆராய்ந்த விதையாக இருந்தாலும்? இந்தக் கேள்விதான் ‘திட்டத்துக்கு வெளியில’.

கணக்கில வராதவை

தரம் என்ற பட்டியலில் எது இருக்கு, எது பின்னுக்குப் போகுது எண்டு பாருங்கோ. சோயாவில் இருக்கும் பொசுபரசின் பெரும் பகுதி ஃபைற்றேற் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் அதைச் சரியாகச் செரிக்க முடியாது. நொதியம் சேர்க்காவிட்டால் அது எருவோடு வெளியே வரும். உரத்திலும் எருவிலும் இருந்து வழிந்து ஓடும் பொசுபரசுதான் ஈரி ஏரியைப் பச்சையாக்குகிறது. 2014 ஓகஸ்டில் ரொலிடோ நகரத்தில் நாலு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குழாய்த் தண்ணியைக் குடிக்க முடியாமல் இருந்தார்கள். அதே ஏரியின் மறுகரை ஒன்ராறியோ. ஃபைற்றேற் குறைந்த சோயாவை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியே இருக்கிறார்கள். ஆனால் ஏரி சோயா வாங்குவதில்லை. ஆகவே ஏரிக்கு அந்த வட்டத்தில் இடமும் இல்லை.

எங்கட பெரியம்மாவுக்கும் இடமில்லை. அவ ஒன்பது வருசம் ஏஜென்சி மூலமாக ஒரு கோழி வெட்டுற ஆலையில வேலை செய்தவ. இப்பவும் இரவில கை விறைக்கும், தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலயும்தான் பிடிப்பா. நான் என்ன படிக்கிறன் எண்டு கேட்டா. கோழிக்குப் போடுற சோயாவைத் திருத்துறதைப் பற்றி எண்டன். “கோழி வருசா வருசம் பெருக்குது பிள்ளை. லைன் மட்டும் நிக்காது” எண்டா.

அவ சொன்னதுக்கு ஆதாரம் இருக்கு. அல்பேற்றா பல்கலைக்கழகத்தினர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், 1957 ஆம் ஆண்டின் கோழி இனத்தையும் 2005 ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56 நாளில் பழைய இனம் 905 கிராம், புதிய இனம் 4,202 கிராம். இப்படி வளரும் கோழிக்கு அடர்ந்த புரதம் வேண்டும், அதுக்குத்தான் சோயாவின் அமினோ அமிலத்தை இவ்வளவு பாடுபட்டுத் திருத்துகிறார்கள். அந்தச் சங்கிலியின் மற்ற முனையில் ஒரு கை இருக்கு. அந்தக் கையின் தரத்தை அளக்க ஒரு கருவியும் இல்லை.

சோயா அரைக்கும் கார்கில்தான் அல்பேற்றாவின் ஹை ரிவரில் மாட்டிறைச்சி ஆலையும் நடத்துகிறது. 2020 இல் அங்கே வேலை செய்த ஏறத்தாழ 2,000 பேரில் 900க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொவிட் தொற்றியது. பெரும்பாலும் குடிவந்தவர்கள், பலர் பிலிப்பைன்ஸ்காரர். விதையில் இருந்து கோப்பை வரைக்கும் ஒரே நிறுவனத்தால் பார்க்க முடியுது. ஆனால் தொழிலாளி வருத்தமாய் வந்தால் மட்டும் அது வேற திணைக்களம்.

ஊருக்கும் வருகிற கதை

இது வெள்ளைக்காரக் கமக்காரரின் பிரச்சினை, எங்களுக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். 2020 முதல் இந்தியாவில் ‘புரத உரிமை’ என்ற பெயரில் ஒரு விழிப்புணர்வு இயக்கம் நடக்கிறது. உரிமை என்ற சொல்லைக் கேட்ட உடனே எங்கட காது நிமிரும். அதற்கு ஆதரவு கொடுப்பது அமெரிக்க சோயா ஏற்றுமதிச் சபை. பிள்ளைகளுக்குப் புரதம் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பசியைக் காட்டிச் சந்தை தேடும்போது அதை உரிமைப் போராட்டம் என்று நாங்கள் கொண்டாடக் கூடாது. 2021 ஓகஸ்டில், கோழித் தொழில்துறையின் நெருக்குதலில், இந்திய அரசாங்கம் 12 இலட்சம் தொன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் சோயா அறுவடை தொடங்குவதற்குச் சற்று முன்.

இலங்கையை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். 2022 இல் டொலர் இல்லாமல் போனபோது இறக்குமதித் தீவனத்தில் தங்கியிருந்த கோழிப் பண்ணைகளும் விழுந்தன. 2023 இல் அரசாங்கம் இந்தியாவில் இருந்து முட்டை இறக்குமதி செய்தது. யாழ்ப்பாணத்தில் முட்டைக் கறி ஆடம்பரமானதற்கும் டொலரில் வாங்கும் தீவனத்துக்கும் நேர்க்கோடு போடலாம்.

என்ர பங்கு

மற்றவர்களைத் திட்டிப்போட்டு நான் சுத்தமாக நிற்க ஏலாது. என்ர ஆய்வு முன்மொழிவின் முதல் தலைப்பு, சோயாத் தர மேம்பாட்டில் ஆர் பயனடைகிறார்கள் என்பது. உதவித்தொகையில் ஒரு பங்கு அரசாங்கம், ஒரு பங்கு தொழில்துறைப் பங்காளி. பங்காளிக்குத் தலைப்பு பிடிக்கேல்லை எண்டு தகவல் வந்தது. ‘புதிய இரகங்களைக் கமக்காரர் ஏற்றுக்கொள்வதில் உள்ள தடைகள்’ எண்டு மாற்றச் சொன்னார்கள். வாடகை கட்ட வேணும். மாற்றினன்.

ஒருத்தரும் மிரட்டேல்லை. மின்னஞ்சல் மிக மரியாதையாக வந்தது. ‘ஆர் பயனடைகிறார்’ என்ற கேள்வி ‘ஏன் கமக்காரர் தயங்குகிறார்’ என்ற கேள்வியாக மாறியது. அந்த ஒரு வரி மாற்றத்தில் முழு அரசியலும் இடம் மாறிப் போச்சு. ஒரு வருசமாக இது எனக்குள்ள கிடந்து அரிக்குது. அதனால்தான் இதை எங்கட ஆக்களுக்கு எங்கட மொழியில எழுதுறன்.

நாங்கள் கேட்க வேண்டியவை நாலு.

ஒன்று: புரதத்துக்கும் அமினோ அமிலத்துக்கும் கொள்வனவு நிலையத்திலேயே விலை. தரம் வேண்டியவர் தரத்துக்குக் காசு கொடுக்கட்டும்.

இரண்டு: கட்டாயக் கட்டணத்திலோ பொதுக் காசிலோ உருவாகும் இரகங்களைக் கமக்காரர் சேமித்து விதைக்கும் உரிமை. பல்கலைக்கழகம் அதைத் தனி நிறுவனத்துக்கு மட்டும் கொடுக்கக் கூடாது.

மூன்று: ‘தரம்’ எது என்று தீர்மானிக்கும் மேசையில் ஏரிக்கரை மக்களுக்கும் ஆலைத் தொழிலாளர் சங்கங்களுக்கும் இடம். பெயருக்கு ஒரு கதிரை போட்டால் காணாது, வாக்கும் வேணும்.

நாலு: எங்கட பல்கலைக்கழகங்களின் தொழில்துறை ஒப்பந்தங்கள் பகிரங்கமாக வேண்டும்.

நாலாவதை நாளைக்கே தொடங்கலாம். ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் 2006 முதல் மாகாணத் தகவல் அறியும் சட்டத்துக்குள் வருகின்றன. விண்ணப்பக் கட்டணம் 5 டொலர். ஆராய்ச்சி ஆவணங்களை அவர்கள் தர மாட்டார்கள், சட்டமே அதுக்கு விலக்குக் கொடுத்திருக்கு. ஆனால் ஆராய்ச்சி எதைப் பற்றியது, அதுக்கு எவ்வளவு காசு வருகிறது என்ற இரண்டையும் சொல்லியே ஆக வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த இரண்டும் எங்களுக்குத் தொடங்கக் காணும். கனடாவில் படிக்கிற, விவசாயம், உணவு, உயிரியல் துறைகளில் இருக்கிற தோழர்கள் ஆளுக்கொரு விண்ணப்பம் போடுங்கோ. பிரித்தானியா, நோர்வே, அவுஸ்திரேலியாவில் இருக்கிறவர்கள் உங்கட சட்டம் என்ன சொல்லுது எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. வந்த பதில்களை வைச்சு அடுத்த வாசிப்பு வட்டத்தில கதைப்பம்.

நான் என்ர விண்ணப்பத்தைப் போன கிழமை போட்டிட்டன். அதில என்ர திட்டமும் இருக்கு.

தோழமையுடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு முதுநிலை மாணவி